நாலாவது திரைச்சீலை

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். சளி மட்டும், காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரர் மாதிரி மூக்கிலேயே தங்கிவிட்டது. உன் இரத்த அழுத்தம் எப்படி? அத்தானின் முழங்கால் எப்படி?

போனில் பேசலாமே என்று கேட்காதே. போனில் நீ "சாப்பிட்டியா, தூங்கினியா" என்று கேட்பதற்குள் அத்தான் பின்னாலிருந்து "என்னவாம், என்னவாம்" என்பார். நீ அவருக்குப் பதில் சொல்லி முடிக்கும்போது நான் வேலைக்குக் கிளம்பும் நேரம் வந்துவிடும். கடிதத்தில் குறுக்கே பேச ஆளில்லை.

சலவைக் கடைக்கு இப்போது மூன்று ஹோட்டல்களின் துணி வருகிறது. காலையில் அழுக்குப் போர்வைகளை ஏற்றி வருவதும், மாலையில் மடித்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் பொறுப்பு. கடை வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். முதலாளியம்மா என்னை "பைலட்" என்றுதான் கூப்பிடுகிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடமாவது நீயும் அத்தானும் இங்கே வாருங்கள். என் வீட்டுக்காரர் ஆசை ஆசையாகப் படுக்கையும் அடுப்பும் வைத்துத் தயார் பண்ணின வேன் வீட்டு வாசலில் சும்மா நிற்கிறது. கடலோரச் சாலை முடிகிற இடத்தில் ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. அங்கே போகத்தான் அவர் வேனையே வாங்கினார். அதற்குள் அவரே போய்விட்டார். நாம் போவோம். நான் ஓட்டுகிறேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லு. வேனில் ஒரே ஒரு குறை. உன் பக்கத்துக் கதவின் வெளிக் கைப்பிடி வேலை செய்யாது. உள்ளேயிருந்து யாராவது திறந்துவிட்டால்தான் ஏறலாம். மற்றபடி அரண்மனை.

வரமாட்டாய் என்று தெரியும். கேட்க வேண்டியது என் கடமை.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தங்கை

---

பிப்ரவரி 2
கடவுள் துணை

என் செல்லத் தங்கைக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். இரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்பட்டு இருக்கிறது. உன் அத்தான்தான் எதற்கும் கட்டுப்படுவதில்லை. உன் சளிக்கு வெந்நீரில் ஆவி பிடி. பிடித்தேன் என்று பதிலில் எழுது.

உன் கடிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு ஒரு வாரம் யோசித்தேன். பக்கத்தில் நாற்காலி இருந்தால் உட்கார்ந்துகொள். நான் வருகிறேன்.

மாப்பிள்ளை இறந்தபோது நான் வந்து உன் பக்கத்தில் இருக்க முடியவில்லை. கையில் பாஸ்போர்ட் இல்லை. அந்த மாதமே விண்ணப்பம் போட்டு வாங்கி வைத்துவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. கூப்பிடாத வீட்டுக்கு நானாக வருகிறேன் என்று சொல்லக் கூச்சம். தங்கை வீடானாலும் வீடு வீடுதானே. இப்போது நீயே கூப்பிட்டுவிட்டாய்.

பாஸ்போர்ட் படத்தில் நான் யாரையோ அடிக்கக் கிளம்பியவள் மாதிரி இருக்கிறேன். படம் எடுத்தவர் சிரிக்கக் கூடாது என்றார். நான் உன் அத்தானை நினைத்துக்கொண்டேன், சிரிப்பு தானாக அடங்கிவிட்டது.

அவர் வரமாட்டாராம். முழங்காலை மடக்கி அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார முடியாதாம். மேட்ச் நடக்கும்போது டிவி முன்னால் நாள் முழுக்க மடங்குகிற அதே முழங்கால்தான். போகட்டும். தனியாகவே வருகிறேன். கடைத்தெருவுக்குத் தவிர எங்கேயும் தனியாகப் போகாதவள் முதல் முதலாக வெளிநாட்டுக்குப் போகிறாள் என்று பக்கத்து வீட்டில் ஏற்கெனவே செய்தி பரவிவிட்டது. பரப்பியது நான் இல்லை, முழங்கால்காரர்.

வேன் ஜன்னல்களுக்குத் திரைச்சீலை இருக்கிறதா? கம்பி இருந்தால் நீளத்தையும் எண்ணிக்கையையும் எழுது. நான் தைத்து அனுப்புகிறேன். இரண்டு பெண்கள் தூங்கும் இடம், ஊர் உலகம் எட்டிப் பார்க்கக் கூடாது.

கடவுள் உன்னைக் காக்கட்டும்.

அக்கா

---

பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

ஆவி பிடித்தேன். குடித்தனக்காரர் காலி செய்துவிட்டார். உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்ததால் கொஞ்சம் தடுமாறிவிட்டேன்.

உண்மையாகவா வருகிறாய்? சந்தோஷம் அக்கா. ரொம்பச் சந்தோஷம். அவசரமே இல்லை, நிதானமாக வா. இங்கே குளிர் இன்னும் விடவில்லை. பழக்கமில்லாத உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று யோசித்துக்கொள். அடுத்த வருடம்கூட வரலாம், கலங்கரை விளக்கம் எங்கேயும் ஓடிப்போகாது. வேனின் பேட்டரியும் சரியில்லை. மெக்கானிக் வந்து பார்க்க வேண்டும், அவருக்கு நேரம் கிடைப்பது குதிரைக் கொம்பு.

வேனுக்குள் எதை எங்கே வைப்பது என்று என் வீட்டுக்காரர் போட்ட படம் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. கம்பிகளின் அளவு அதில் இருக்கிறது. அதை அப்படியே நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். மொத்தம் நாலு ஜன்னல், நாலும் ஒரே அளவு. அலைந்து சிரமப்படாதே. கையில் இருக்கும் ஏதாவது பழைய துணி போதும்.

முழங்கால்காரரைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை

---

மார்ச் 15
கடவுள் துணை

என் செல்லத் தங்கைக்கு,

இங்கே யாவரும் சுகம். உன்னைப் பற்றி நீ எழுதவே இல்லையே. அடுத்த கடிதத்தில் முதல் வரி உன் உடம்பைப் பற்றி இருக்க வேண்டும்.

பழைய துணியாம், பழைய துணி. வெளிநாட்டில் என் தையல் சிரிப்பாய்ச் சிரிக்க வேண்டுமா? மஞ்சளில் பொடிப் பொடியாக வெள்ளைப் பூப்போட்ட புதுத் துணி வாங்கி, ஓரம் இரண்டு மடிப்பாக மடித்து, நாலு திரைச்சீலையும் தைத்து நேற்றுப் பார்சலில் சேர்த்துவிட்டேன். ஜூன் மாதம் வருவதாக இருக்கிறேன். டிக்கெட்டுக்குச் சொல்லியாயிற்று.

மாப்பிள்ளை போட்ட படத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. கட்டில், அடுப்பு, அலமாரி என்று ஒவ்வொன்றுக்கும் அளவு போட்டிருந்தார். கணக்கான மனிதர். கூடத்து மரச்சாமான்களை ஒதுக்கிவிட்டு, அந்த அளவுப்படி தரையில் சாக்பீஸால் வேனை வரைந்துவிட்டேன். அவ்வளவு சின்ன இடத்தில் என்னால் இருக்க முடியுமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை முழுக்க கோட்டைத் தாண்டாமல் இருப்பது என்று முடிவு செய்தேன். உன் அத்தான் கேட்காமலே முன்னால் நாற்காலி போட்டு டிரைவராகிவிட்டார். ஸ்டீயரிங்குக்கு என் சமையலறைத் தாம்பாளம். பக்கத்து வீட்டம்மா சர்க்கரை கேட்டு வந்து வாசலில் திகைத்து நின்றாள். "ஏறிக்குங்க, உட்கார இடம் இருக்கு" என்றார் இவர். அந்த அம்மா ஏறி, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டீயும் குடித்துவிட்டுத்தான் இறங்கினாள். சர்க்கரையை மறந்துவிட்டாள்.

மத்தியானம் நான் மாத்திரை எடுக்க நினைவில்லாமல் கோட்டைத் தாண்டிவிட்டேன். "ஓடற வண்டியிலேருந்து இறங்கிட்டியே, அடி ஏதும் படலியே?" என்று கேட்டார்.

திரும்பி வந்து அவர் பக்கத்து இருக்கையில் உட்காரப் போனபோது ஒரு காரியம் செய்தார். சாய்ந்து கையை நீட்டி, இல்லாத கதவை உள்ளேயிருந்து திறந்துவிட்டார். உன் கடிதத்தை எப்போது படித்தாரோ தெரியவில்லை.

பேட்டரி என்ன ஆயிற்று? மெக்கானிக் வந்தாரா?

அக்கா

---

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

முதல் வரி: உடம்பு நன்றாக இருக்கிறது.

உன் சாக்பீஸ் வேனை நினைத்து, துணி மடிக்கும் மேஜையில் நின்றபடி தனியாகச் சிரித்தேன். முதலாளியம்மா விஷயம் என்னவென்று கேட்டு, தானும் சிரித்துவிட்டு, "உன் அக்காவைச் சீக்கிரம் வரச்சொல்" என்றாள்.

பார்சல் வந்து சேர்ந்தது. நாலு திரைச்சீலையும் மாட்டியாயிற்று. அளவு கச்சிதம். காலையில் வெயில் அவற்றின் வழியாக வரும்போது வேனுக்குள் எல்லாமே மஞ்சளாகிவிடுகிறது. உன் கை வேலைக்குக் கேட்க வேண்டுமா?

மெக்கானிக் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கடையில் வேலை நெட்டி முறிகிறது, அதனால் இவ்வளவுதான்.

அத்தானுக்கு வணக்கம். வண்டியைப் பார்த்து ஓட்டச் சொல்.

உன் தங்கை

---

ஏப்ரல் 20
கடவுள் துணை

என் செல்லத் தங்கைக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வெயிலில் வேன் மஞ்சளாவதைப் பற்றி எழுதியிருந்தது நன்றாக இருந்தது.

நாலாவது திரைச்சீலை இங்கே இருக்கிறது.

நான் எண்ணித்தான் பெட்டியில் வைத்தேன். ஒட்டுவதற்காகப் பசை எடுக்கப் போன நேரத்தில் உன் அத்தான் மேலாக இருந்ததை எடுத்து, துண்டு என்று நினைத்து, தன் ரேடியோவுக்குப் போர்த்தியிருக்கிறார். பார்சல் போய் இரண்டு நாள் கழித்துத் தூசி தட்டும்போதுதான் பார்த்தேன். என் வாழ்க்கையில் எண்ணிக்கை தப்பியது இதுதான் முதல் தடவை. "ஒண்ணு குறையுதே அக்கா" என்று நீ எழுதுவாய், உடனே அனுப்பிவிடலாம் என்று மடித்து வைத்துக் காத்திருந்தேன்.

நீ நாலையும் மாட்டிவிட்டாய்.

கோபம் இல்லை. ஆனால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். மாப்பிள்ளை போன பிறகு அந்த வேனுக்குள் ஒரு தடவையாவது ஏறினாயா? அதை மட்டும் எழுது.

அக்கா

---

மே 18
கடவுள் துணை

என் செல்லத் தங்கைக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. போன் செய்தால் "கடைல இருக்கேங்க்கா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. சாப்பிடுகிறாயா?

நான் கேட்டது தப்போ என்று தினமும் சாமியிடம் கேட்கிறேன். அவர் பதில் சொல்வதில்லை. ஆனால் நேற்றுக் கும்பிட்டு நிமிர்ந்தபோது, அவர் படத்துக்குப் பின்னால் என் பாஸ்போர்ட்டின் முனை எட்டிப் பார்த்தது. அதுதான் பதில் போலிருக்கிறது.

டிக்கெட்டுக்குச் சொல்லியாயிற்று என்று எழுதினேன் அல்லவா? சொல்லவில்லை. டிராவல் ஆபீஸ் படி ஏறியவரை உண்மை. கண்ணாடிக் கதவில் பெரிய விமானப் படம் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எதிர்க் கடையில் நூல் கண்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அப்படி மூன்று தடவை போய் வந்தாயிற்று. வீட்டில் நூல் கண்டு குவிந்துகிடக்கிறது. உன் அத்தான், "என்ன, கப்பலுக்குப் பாய் தைக்கப் போறியா?" என்று கேட்கிறார்.

ஆக, நீ வேனுக்குள் ஏறவில்லை, நான் விமானத்துக்குக் கிட்டேயே போகவில்லை. உன்னைக் கேள்வி கேட்க எனக்கு ஒரு தகுதியும் இல்லை. இதை உன்னிடம் சொல்லாமல் ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை, சொல்லிவிட்டேன்.

நீ ஒன்றும் விளக்க வேண்டாம். நன்றாக இருக்கிறேன் என்று ஒரு வரி போதும்.

அக்கா

---

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நன்றாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன். நூல் கண்டு விஷயத்தைப் படித்துச் சிரித்து, அழுது, மறுபடி சிரித்தேன்.

ஏறவில்லை அக்கா. உன் பார்சல் அலமாரி மேல் பிரிக்காமலே இருக்கிறது. நீ வரமாட்டாய் என்ற தைரியத்தில்தான் அழைத்தேன். அழைத்ததற்குப் பேரும் கிடைக்கும், வேனும் நின்ற இடத்தில் நிற்கும் என்று நினைத்தேன். நீ வருகிறேன் என்று எழுதியதும் கை கால் ஓடவில்லை. மெக்கானிக்கை நான் கூப்பிடவே இல்லை. பாவம், அவர் பேரில் பழி.

கடை வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன். இந்த வேனில் மட்டும் நான் ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்ததே இல்லை. எப்போதும் அந்தப் பக்கம் போய் நிற்பேன். அவர் உள்ளேயிருந்து சாய்ந்து கதவைத் திறந்து, "மகாராணி ஏறலாம்" என்பார். கைப்பிடியைச் சரி பண்ணச் சொல்லி எத்தனை சண்டை போட்டிருப்பேன். "சரி பண்ணிட்டா அப்புறம் எனக்கு என்ன வேலை?" என்பார்.

அவர் போன பிறகு ஒரு நாள், கடைக்குப் போகக் கிளம்பியவள் ஏதோ நினைப்பில் வேனின் அந்தப் பக்கம் போய் நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் நின்றேனோ. எதிர் வீட்டுக்காரர் குப்பை போட வந்தவர், "சாவியை மறந்துட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன். அதற்கப்புறம் கிட்டே போகவில்லை. சமையலறை ஜன்னலில் நின்று டீ குடித்தபடி பார்ப்பதோடு சரி.

இதை யாரிடமும் சொன்னதில்லை. கதவு திறக்க ஆளில்லை என்று ஒரு பெரிய மனுஷி நின்றாள் என்றால் யார் சிரிக்கமாட்டார்கள்?

நீ சிரித்தால் பரவாயில்லை. உன் நூல் கண்டுக்கு நான் சிரித்தேனே.

உன் தங்கை

---

ஜூன் 16
கடவுள் துணை

என் செல்லத் தங்கைக்கு,

சிரிக்கவில்லை. உன் கடிதத்தை உன் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன், கோபித்துக்கொள்ளாதே. முழுதும் கேட்டுவிட்டு ரேடியோவை நிறுத்தினார். மேட்ச் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் தானாக ரேடியோவை நிறுத்தி நான் பார்த்ததில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, "வா, டிக்கெட் வாங்கலாம்" என்றார். வழியெல்லாம் அந்த முழங்கால் ஒரு வார்த்தை பேசவில்லை. டிராவல் ஆபீஸ் கண்ணாடிக் கதவை அவர் திறந்து பிடித்துக்கொண்டார், நான் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஜூலை ஒன்பதாம் தேதி சாயங்காலம் கிளம்பி, மறுநாள் காலை அங்கே வந்து இறங்குகிறேன்.

இனி நம் இருவருக்கும் ஒரு ஒப்பந்தம். நான் விமானத்தில் ஏறும் அதே நாள் நீ வேனில் ஏற வேண்டும். ஓட்டக்கூட வேண்டாம், உட்கார்ந்தால் போதும். நீ அங்கே ஏறிக்கொண்டிருப்பாய் என்று நினைத்துக்கொண்டு நான் இங்கே படி ஏறுவேன். என்னையே நினைத்துக்கொண்டு நீயும் ஏறு. முடியவில்லை என்றால் கடை வண்டியில் வா. போர்வை மூட்டையோடு மூட்டையாக வந்துவிட்டுப் போகிறேன். அதற்காக உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது. இது சாமி சாட்சியாக.

கைப்பிடியைச் சரி பண்ணிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே என்றார் உன் அத்தான். நான் கூடாது என்றேன். அது அப்படியே இருக்கட்டும். மகாராணி என்றெல்லாம் நீ சொல்ல வேண்டாம். "ஏறுக்கா" என்றால் போதும்.

பெட்டியை நாலு தடவை நிறுத்துப் பார்த்தேன். அனுமதித்த எடைக்குள்தான் இருக்கிறது. நாலாவது திரைச்சீலையைக் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

கூடத்து வேனைத் துடைக்கப் போனால் உன் அத்தான் விடமாட்டேன் என்கிறார். "நீ போயிட்டு வா. நான் இந்த வண்டியைப் பார்த்துக்கறேன்" என்கிறார். சாப்பாடு பக்கத்து வீட்டம்மா தருவதாக ஏற்பாடு. அவளுக்கு அடுப்புப் பக்கத்து இருக்கை நிரந்தரமாக ஒதுக்கியாயிற்றாம்.

தைரியமாக இரு. நான் தைரியமாக இல்லை, ஆனாலும் வருகிறேன்.

அக்கா

---

ஜூலை 10
அக்கா துணை
(சாமி கோபித்துக்கொள்ளமாட்டார், இன்றைக்கு மட்டும்)

அன்புள்ள அக்காவுக்கு,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. ராத்திரி நீ படுக்கும்போது தலையணைக்கு அடியில் இருக்கும். நேரில் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், அதனால் எழுதி வைக்கிறேன். நீ பத்திரமாக வந்து சேர்ந்திருப்பாய். விமானத்தில் ஏதாவது சாப்பிட்டாயா என்பதை நேரிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று நீ கிளம்பும் நேரத்துக்குச் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பக்கம் போகவில்லை. நேராக ஓட்டுகிற பக்கம் போய்க் கதவைத் திறந்து ஏறிவிட்டேன். அக்கா இப்போது படி ஏறுகிறாள், அக்கா இப்போது பெல்ட் போடுகிறாள் என்று சொல்லிக்கொண்டே ஏறினேன். இருக்கை அவர் கால் நீளத்துக்குப் பின்னால் தள்ளியே இருந்தது. என் கால் எதற்கும் எட்டவில்லை. அதை முன்னால் இழுக்க வேண்டும். அதற்குத்தான் நேரமாயிற்று. அப்படியே பின்னால் தள்ளின இருக்கையில் சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து, அழ வேண்டியதை எல்லாம் அழுது முடித்தேன். நடுவில் முழங்கை பட்டு ஹாரன் அடித்துவிட்டது. எதிர் வீட்டுக்காரர் ஓடிவந்து, "சாவி கிடைச்சிடுச்சா?" என்றார். கிடைத்துவிட்டது என்றேன். பிறகு இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டேன்.

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. பேட்டரி உண்மையாகவே செத்திருந்தது. நான் சொன்ன பொய்யில் அது ஒன்றுதான் நிஜம். முதலாளியம்மா கடை வண்டியை ஓட்டிவந்து எதிரே நிறுத்தி, ஒயர் போட்டு உயிர் கொடுத்தாள். "பைலட், இப்போ பறக்கலாம்" என்றாள். பார்சலைப் பிரித்து மூன்று திரைச்சீலையும் மாட்டினேன். அளவு கச்சிதம், இந்தத் தடவை சத்தியமாக. காலையில் வெயில் வந்தது. நான் எழுதியிருந்தேனே, அப்படியேதான் இருக்கிறது, எல்லாம் மஞ்சள். நாலாவது ஜன்னல் மட்டும் உன் கைப்பைக்காகக் காத்திருக்கிறது.

இப்போது விமான நிலையத்து வண்டிகள் நிற்கும் இடத்தில், வேனுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் விமானம் இறங்கிவிட்டதாகப் பலகையில் போட்டுவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில், யாரையோ அடிக்க வந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நீ வெளியே வருவாய். நான் ஓடிவந்து பெட்டியை வாங்கிப் பின்னால் வைப்பேன். பிறகு நீ உன் பக்கத்துக் கதவுக்கு வெளியே ஒரு நிமிடம் நிற்க வேண்டியிருக்கும், நான் சுற்றி வந்து ஏறும்வரை.

பயப்படாதே. நேற்றிலிருந்து பல தடவை சாய்ந்து, கையை நீட்டித் திறந்து பார்த்துவிட்டேன். எட்டுகிறது.

உன் தங்கை